பொருள்: ரோ ஹவுஸ் – வரிசை வீடா, பொதுச்சுவர் வீடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகர வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்து வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த ஊர் வீட்டை ‘ரோ ஹவுஸ்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மாட்டிக்கொண்டு மூன்று வாரமாகிறது. சென்ற மடலுக்கு ஐந்து சொற்கள் வந்தன. ஐந்தையும் வரைவில் போட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

> வரிசை வீடு என்றே வைக்கலாமே. மூலச்சொல்லும் அதைத்தானே சொல்கிறது?

முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் எந்தத் தெருவில்தான் வீடுகள் வரிசையாக இல்லை? நான்கு பக்கமும் இடம் விட்டுத் தனித்தனியாகக் கட்டிய வீட்டுவசதி வாரிய வீடுகளும் வரிசையாகத்தான் நிற்கின்றன. பிலடெல்பியா வீட்டின் அடையாளம் வரிசை இல்லை, சுவர். உங்கள் வலது சுவர்தான் பக்கத்து வீட்டுக்காரரின் இடது சுவர்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்த விஷயம் இல்லை. அந்த ஊரின் தென்பகுதியில், பதினாறு அடி அகல வீடொன்றில் நான்கு வருடம் குடியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரவு மாடியேறினால் ஒவ்வொரு படியும் என் கட்டிலருகே கேட்கும். அப்புறம் ஒருநாள் தெருக்கோடியில் ஒரு வீட்டை இடித்தார்கள். மிச்சமிருந்த வீட்டின் பக்கவாட்டுச் சுவர் வெயிலில் நின்றது. அதில் போய்விட்ட வீட்டின் படிக்கட்டு ஏறிய சாய்வுத் தடம். மேல்மாடி அறையில் ஒட்டியிருந்த பூப்போட்ட தாள். தரையைத் தாங்கிய உத்தரக்கட்டைகள் செருகியிருந்த சதுரக் குழிகள், ஒரே மட்டத்தில். அந்தச் சுவர் பாதி அவர்களுடையது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. சில நாளில் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் சாந்து பூசி மூடிவிட்டார்கள்.

> லைன் வீடு என்று மக்களே சொல்கிறார்களே, புதிதாக எதற்கு?

மக்கள் வாயில் இருக்கும் சொல் என்றால் எனக்கும் ஆசைதான். ஆனால் நம் லைன் வீடு ஒரே உரிமையாளருடையது. எல்லாரும் வாடகைக்கு இருப்பார்கள், குழாயும் கழிப்பறையும் பொது. இலங்கை மலையகத்து வாசகருக்கோ ‘லயன்’ என்றதும் தோட்டத் துரையின் காலம் கண்முன் வரும். அந்த வலியுள்ள சொல்லை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது தவறு. பிலடெல்பியாவில் இந்த வீடுகளில் பல தொழிலாளிகள் சொந்தமாக வாங்கியவை. ‘வீடுகளின் நகரம்’ என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஊர் பெருமைப்பட்டுக்கொண்டதே இதனால்தான். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஒரு தொழிலாளியின் வீட்டையே மாதிரியாகக் கட்டிக் காட்டினார்கள்.

தொழிலாளியால் எப்படி வாங்க முடிந்தது? ‘கிரவுண்ட் ரென்ட்’ என்ற ஏற்பாடு பெரிய காரணம். மனைக்கு முழு விலையும் கொடுக்க வேண்டாம். ஆண்டுதோறும் ஒரு தொகையை மனைக்காரருக்குக் கட்டிவந்தால் போதும், வீடு உங்களுடையது. இதற்குச் சொல் தேடி அலையவே வேண்டாம். கோயில் நிலத்தில் வீடு கட்டியிருப்பவர்கள் பேசும் ‘அடிமனை வாடகை’ அப்படியே பொருந்துகிறது. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

‘தொடர்வீடு’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இலங்கையில் ‘தொடர்மாடி’ என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பு. கொழும்பு வாசகர் தடுமாறுவார். ‘ஒட்டு வீடு’ ஒரு நெடிலில் ‘ஓட்டு வீடு’ ஆகிவிடும். அச்சுப்பிழை திருத்துபவர் நிச்சயம் ‘திருத்தி’விடுவார். ‘அக்கிரகார வீடு’ யார் குடியிருந்தார்கள் என்பதைச் சொல்கிறதே தவிர, எப்படிக் கட்டினார்கள் என்பதைச் சொல்லவில்லை.

சரி, சுவரிலிருந்தே தொடங்குவோம். இந்த ஊர் தொடங்கியபோது இப்படி ஒட்டி ஒட்டிக் கட்டும் எண்ணமே இல்லை. ஊரை நிறுவிய வில்லியம் பென் லண்டனில் 1665இன் கொள்ளைநோயையும் 1666இன் பெருந்தீயையும் பார்த்த தலைமுறை. 1681இல் தன் ஆட்களுக்கு எழுதிய கட்டளையில், ஒவ்வொரு வீடும் மனையின் நடுவில் இருக்கட்டும், சுற்றிலும் தோட்டமும் பழமரமும் இருக்கட்டும், அப்படியென்றால் ஊர் எரியாது, நோயும் அண்டாது என்றார். அவருடைய நில அளவையாளர் தாமஸ் ஹோம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே நேர்க்கோட்டுத் தெருக்களாக நகரத்தை வரைந்தார். வந்தவர்களோ துறைமுகத்தை விட்டு நகரவில்லை. எல்லாருக்கும் டெலவேர் ஆற்றங்கரையே வேண்டியிருந்தது. பெரிய மனைகளைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டுகளுக்குப் போக நடுவே சந்து வெட்டினார்கள். எல்ஃப்ரெத் சந்து அப்படிப் பிறந்ததுதான். 1720களுக்கும் 1830களுக்கும் இடையே கட்டிய 32 வீடுகள் அங்கே இன்றும் நிற்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நெருக்கி வாழ்ந்தால் சுவர்ச் சண்டை வரும். 1721இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். முதலில் கட்டுபவர் எல்லைக்கோட்டின்மேல், பாதி பக்கத்து மனையில் விழும்படி சுவர் எழுப்பலாம். பின்னால் கட்ட வருபவர் அந்தச் சுவரில் கை வைப்பதற்கு முன், தான் பயன்படுத்தும் அளவுக்குச் செலவில் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். எல்லையைக் குறித்துக் கொடுக்க நகரமே ஆள் வைத்திருந்தது. எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் பெரிய மதிப்பு உண்டு. 1800ஐ ஒட்டி சான்சம் தெருவில் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசை வீடுகளைக் கட்டி விற்கும் துணிச்சல் ஒருவருக்கு வந்ததென்றால், அதற்கு எண்பது வருடம் முன்பே சுவர்க் கணக்கு தீர்ந்திருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்படிப் பகிரும் சுவரைச் சட்டம் ‘பார்ட்டி வால்’ என்றது. அதற்கு நம் பத்திரங்களில் ஏற்கனவே சொல் இருக்கிறது: பொதுச்சுவர். ஆகவே என் முன்மொழிவு ‘பொதுச்சுவர் வீடு’.

> பொது என்றால் ஊருக்கே பொது என்று ஆகாதா? பொதுக்கழிப்பறை போல?

நல்ல கேள்வி. ஆனால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘பொதுக்கிணறு’, ‘பொதுநடை’ என்று எழுதுகிறோமே, அங்கே பொது என்பது அந்தப் பங்காளிகளுக்கு மட்டும்தான். நமக்கு வேண்டிய பொருள் அதுவே. ஒரே ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய ஜோடி வீட்டுக்கு ‘இரட்டை வீடு’ இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. ஒரு தளத்துக்கு ஓர் அறை என்று மூன்று அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் சுழல்படி வைத்த குட்டி வீடுகளை அங்கே ‘டிரினிட்டி’ என்பார்கள். ‘மும்மாடி வீடு’ என்று ஒரு நண்பர் சொன்னார். அது மாளிகை போலத் தொனிக்கிறது. ஊர்க்காரர்கள் அந்த மூன்று அறைகளைப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றே சொல்லிச் சிரித்தவர்கள். நம் வேதாகமத் தமிழில் திரித்துவம் பழகிய சொல். ‘திரித்துவ வீடு’ என்று வைத்தால் அந்தச் சிரிப்பும் கூடவே வந்துவிடுகிறது. வாசலில் உட்கார்ந்து பேசும் வெள்ளைச் சலவைக்கல் படிகளைத் திண்ணை ஆக்க வேண்டாம். திண்ணையில் படுக்கலாம், இதில் முடியாது. படி என்றே இருக்கட்டும்.

வரைவில் அந்தப் பத்தி இப்போது இப்படி நிற்கிறது. வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, தடுக்கும் இடத்தைச் சொல்லுங்கள்:

“ஆற்றங்கரை மனைகள் குறுகக் குறுக, ஊரார் பொதுச்சுவர் வீடுகளுக்கு மாறினார்கள். முன்னால் கட்டியவர் எழுப்பிய சுவருக்குப் பாதிச் செலவைக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் அதில் தன் உத்தரத்தைச் செருகினார். கையில் காசு குறைந்தவர் அடிமனை வாடகைக்கு மனை பிடித்தார்; இன்னும் குறைந்தவர் சந்துக்குள் திரித்துவ வீட்டில் குடியேறினார்.”