நோட்பேடில் நேராக நிற்கும் கணக்கு, தம்பி லேப்டாப்பில் கோணலாகத் தெரிகிறது

கேட்டவர் (கடலூர் முதுநகர்):
கருவாட்டுக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கடைக் கணினி பழைய விண்டோஸ் 7. நோட்பேடில் சரக்கு, கிலோ, தொகை என்று டேப் தட்டி வரிசைப்படுத்துவேன். நேராக வரும்வரை சில வரியில் ஒரு டேப், சில வரியில் இரண்டு. அதே ஃபைலைத் தம்பி லினக்ஸ் லேப்டாப்பில் வி.எஸ். கோட் என்ற எடிட்டரில் திறந்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது. இந்த மாதக் கணக்கை அவனே புது ஃபைலில் தொடங்கி அனுப்பினான். அது கடையில் ஒரே நீள வரியாகத் திறக்கிறது. டேப் அளவை ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்க வழி உண்டா? முதலாளி மாலைக்குள் கேட்கிறார்.

பதில் 1 (லாஸ்பேட்டை):
அவசரமானதை முதலில் சொல்கிறேன். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்றுதான். 2018க்கு முந்தைய நோட்பேடுக்கு அந்த ஒற்றைக் குறி புரியாது. தம்பியை வி.எஸ். கோடின் அடிப்பட்டையில் வலது பக்கம் 'எல்.எஃப்' (ஒற்றைக் குறி) என்றிருப்பதைத் தட்டி 'சி.ஆர்.எல்.எஃப்' (இரட்டைக் குறி) ஆக மாற்றிச் சேமிக்கச் சொல்லுங்கள். வரிகள் பிரிந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதா டெக்ஸ்ட் ஃபைலில் டேப் அளவுக்கென்று இடமே கிடையாது. விம் மாதிரி சில எடிட்டர்கள் ஃபைலின் முதல் அல்லது கடைசி 5 வரிகளில் எழுதிய குறிப்பைப் படிக்கும். நோட்பேட் படிக்காது.

பதில் 2 (திருப்பாதிரிப்புலியூர்):
நான் பல வருடம் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவன். ஹையர் தேர்வில் ஸ்டேட்மென்ட், அதாவது அட்டவணை, அடித்தவர்களுக்கு இது உடனே புரியும். டேப் என்பது இவ்வளவு இடைவெளி என்ற அளவு இல்லை, அடுத்த நிறுத்தம் வரை போ என்ற கட்டளை. மெஷினில் நிறுத்தத்தை நாமே வைப்போம், இங்கே எடிட்டர் வைக்கிறது. நோட்பேடில் 8 எழுத்துக்கு ஒன்று, வி.எஸ். கோடில் வழக்கமாக 4க்கு ஒன்று. 125, 12500 இரண்டுக்கும் பின்னால் ஒரு டேப் தட்டிப் பாருங்கள். 8இல் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். 4இல் முதலாவது 4ஆம் இடத்திலும் மற்றது 8ஆம் இடத்திலும் போய் நிற்கும். நீங்கள் கண்ணால் பார்த்துச் சேர்த்த இரண்டாவது டேப் உங்கள் திரைக்கு மட்டும்தான் பொருந்தும்.

தமிழ்ப் பெயர் முதலில் வருவதும் சிக்கல்தான். 'நெத்திலி' நம் கண்ணுக்கு 4 எழுத்து, கணினிக்கு 8 குறி. அகலமும் எழுத்துக்கு எழுத்து மாறும். பெயரைக் கடைசியில் போடுங்கள். கிலோ, தொகை, அப்புறம் பெயர். இடையில் ஒரே ஒரு டேப்.

பதில் 1 (லாஸ்பேட்டை):
ஐயா சொன்னதுதான் சரி. அதோடு வி.எஸ். கோடில் டேப் தட்டினாலும் அது வழக்கமாக ஸ்பேஸ்தான் போடும். அடிப்பட்டையில் 'ஸ்பேசஸ்' என்று இருந்தால் அதைத் தட்டி, டேப் கொண்டு உள்தள்ளும் தேர்வையும் 8 என்ற அளவையும் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. வரிகள் பிரிந்துவிட்டன. பெயரைக் கடைசியில் போட்டதும் இரண்டு கணினியிலும் நேராக நிற்கிறது. 'மொத்தம்' மட்டும் தள்ளி நிற்கிறது. தொகை 1,25,000.

பதில் 2 (திருப்பாதிரிப்புலியூர்):
காற்புள்ளிகளோடு சேர்த்து எண்ணுங்கள், சரியாக 8. நிறுத்தத்தின் மேலேயே போய் நின்றுவிட்டது, அதனால் டேப் அடுத்ததற்குத் தாவுகிறது. 125000 என்று எழுதுங்கள். பின்னால் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறக்கும்போதும், காற்புள்ளியைப் பிரிப்பானாக எடுத்துக்கொண்டு தொகையைத் துண்டாக்காது.

கேட்டவர்:
எடுத்துவிட்டேன் ஐயா, வரிசைக்கு வந்துவிட்டது. பழைய மாத ஃபைல்களில் இருக்கும் இரட்டை டேப்களை இன்று இரவு உட்கார்ந்து நீக்குகிறேன்.