சாஃப்ட் பேஸ்டல்: மூன்றாவது நிறம் தாளில் ஏறவே மாட்டேன் என்கிறது

நெய்தல்:
வணக்கம். இதுவரை வாட்டர்கலர் மட்டும்தான். இப்போது 24 அரைக்குச்சி உள்ள ஃபேபர் காஸ்டல் சாஃப்ட் பேஸ்டல் பெட்டி வாங்கியிருக்கிறேன். டிராயிங் நோட்டில் ஒரு மாம்பழம் போட்டேன். மஞ்சள் நன்றாக ஏறுகிறது, மேலே ஆரஞ்சும் ஏறுகிறது, அப்புறம் நிழலுக்கு எதை வைத்தாலும் வழுக்குகிறது, விரலால் தேய்த்தால் எல்லாம் கலந்து சேற்று நிறம். பெரிய பெட்டி வாங்கணுமா? பொடி வேறு கொட்டுகிறது. பொடியை ஒட்டவைக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே அடித்தால் நிற்குமா?

கரித்துண்டு:
பெட்டியில் குறை இல்லை, தாளை மாற்றுங்கள். சாஃப்ட் பேஸ்டல் கிட்டத்தட்ட வெறும் நிறப்பொடிதான், குச்சியாக நிற்பதற்குத் துளி பசை இருக்கும், அவ்வளவுதான். ஆயில் பேஸ்டலில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் அது எங்கும் அப்பிக்கொள்ளும். இதற்குத் தாளின் சொரசொரப்புதான் பிடிமானம். நோட்டுத்தாளில் இரண்டு பூச்சிலேயே அது நிரம்பிவிடுகிறது. கான்சன் மி-தான்த் 160 ஜிஎஸ்எம் தாளில் ஆரம்பியுங்கள். சாம்பல் அல்லது மண் நிறமாகப் பார்த்து வாங்குங்கள், வெள்ளைத் தாளில் இடையிடையே வெள்ளைப் புள்ளி எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னும் நிறைய அடுக்கு வேண்டுமென்றால் பேஸ்டல்மேட் என்ற தாள் இருக்கிறது, விலை கையைக் கடிக்கும், நான் ஒரு தாளை நான்காக வெட்டித்தான் பயன்படுத்துகிறேன்.

மழைக்காகிதம்:
மி-தான்த்தில் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி குழிகுழியாக இருக்கும். பழம், முகம் எல்லாம் போட அந்தப் பக்கம் எனக்குச் சுத்தமாக ஒத்துவராது, திருப்பிப் போட்டு நைசான பக்கத்தில் வரையுங்கள்.

அப்புறம் வரிசை. வாட்டர்கலரில் வெளிச்சத்தை விட்டுவைத்து நிழலுக்குப் போவோம், இங்கே தலைகீழ். முதலில் குச்சியைப் படுக்கவைத்து, அழுத்தாமல், நிழல் விழும் பக்கம் முழுக்கப் பழுப்போ ஊதாவோ போட்டுவிடுங்கள், அதன் மேல் ஆரஞ்சு, பிறகு மஞ்சள், தோலில் மினுங்கும் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கடைசியில் வெளிர்மஞ்சளை அழுத்தி ஒரே இழுப்பு. அதைத் தொடாதீர்கள். விரலால் தேய்ப்பதை முதல் அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தேய்க்கத் தேய்க்கப் பொடி குழிக்குள் அடைத்துக்கொள்ளும், நிறமும் செத்துப்போகும்.

கரித்துண்டு:
ஃபிக்ஸட்டிவ் கேட்டிருந்தீர்களே. அடித்தால் நிறம் ஒரு படி இருண்டுவிடும், வெளிர்நிறங்கள் பாதி காணாமல் போகும். பிரெஞ்சு ஓவியர் டெகா அடுக்குகளுக்கு நடுவே ஃபிக்ஸட்டிவ் அடித்து, மேலே மறுபடி வரைந்துகொண்டே போவார். அப்படி நடுவில் லேசாக அடிக்கலாம், முடித்த படத்தின் மேல் வேண்டாம். பட்டர் பேப்பர் வைத்து மூடி எடுத்துவையுங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் ஷீட் மட்டும் வேண்டாம், நிலைமின்சாரத்தில் பொடியை இழுத்துக்கொள்ளும்.

முக்கியமான ஒன்று: பொடியை வாயால் ஊதாதீர்கள், சில நிறமிகள் நுரையீரலுக்கு நல்லதல்ல. பலகையை நிமிர்த்திவைத்து வரைந்தால் தானே கீழே விழும், ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஃபேனையும் நிறுத்திவிடுங்கள்.

நெய்தல்:
இரண்டு பேருக்கும் நன்றி, நாளைக்கே தாள் வாங்குகிறேன். குச்சிகள் எல்லாம் ஒன்றின் பொடி ஒன்றில் ஒட்டி ஒரே சாம்பலாகிவிட்டன, எது எந்த நிறம் என்றே தெரியவில்லை. கழுவலாமா?

மழைக்காகிதம்:
ஐயோ, தண்ணீர் வேண்டாம், கரைந்துவிடும். ஒரு டப்பாவில் அரிசி போட்டு, குச்சிகளை அதில் புதைத்து மெதுவாகக் குலுக்குங்கள், மேலே ஒட்டிய அழுக்கு அரிசிக்குப் போய்விடும். அந்த அரிசியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.