பொழுதுபோக்காகப் படிப்பதும் பார்ப்பதும் நம்மை மாற்றுகின்றனவா?

மாலைநேரம் கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் நெடுநாளாக முடிவுக்கு வராத ஒரு வாதத்தை இங்கே வைக்கிறேன். வேலையெல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் எதைப் படித்தால் என்ன, எதைப் பார்த்தால் என்ன, அது களைப்பு நீங்குவதற்கான நேரம், மறுநாள் காலையில் அதில் எதுவும் மனத்தில் மிஞ்சுவதில்லை என்பது என் கணவரின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு நாளில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் பத்தாண்டுகள் கழிந்த பின் பார்த்தால், ஒருவருடைய பேச்சையும் அச்சங்களையும் ஆசைகளையும் பெருமளவு தீர்மானித்தது அந்த ஓரிரு மணி நேரமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படி நினைப்பதற்கு என் மாமியார் ஒரு காரணம். பணி ஓய்வு பெற்ற பிறகு, குற்றச் செய்திகளும் அவற்றையே நாடகமாக்கிக் காட்டும் நிகழ்ச்சிகளும்தான் பகல் முழுவதும் அவருக்குத் துணை. ஒரு காலத்தில் பணிமாறுதலில் எங்கு அனுப்பினாலும் தனியாகவே சென்று வந்தவர், இப்போது பட்டப்பகலில் அழைப்பு மணி அடித்தாலும் சங்கிலியை விடுவிக்காமல், கதவிடுக்கின் வழியே யாரென்று இரண்டு முறை கேட்ட பிறகே திறக்கிறார். இரவில் நாங்கள் பூட்டிவிட்டுப் படுத்த பின்னரும் எழுந்து வந்து கைப்பிடியை அசைத்துப் பார்க்கிறார். அஞ்சும்படியாக எங்கள் தெருவில் எதுவும் நடந்ததில்லை. வயதானால் எல்லோரும் அப்படித்தான் என்று கணவர் சொல்கிறார்.

எங்களுக்கு ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருப்பதால் இது வெறும் வாதமாக நின்றுவிடக் கூடாது என்று விரும்புகிறேன். அன்றாடம் படிப்பதும் பார்ப்பதும் மனிதரை மாற்றுகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று ஏதும் உண்டா? உண்டென்றால், எதை மாற்றிக்கொள்வது பயன் தரும்?

நூலடுக்கு எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமியாரிடம் நீங்கள் கண்டதைப் பற்றி ஊடக ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகப் பேசி வருகிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்பவர் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளில் மக்களிடம் எளிமையான ஒரு கேள்வி கேட்கப்பட்டது: ஒரு வாரத்தில் நீங்கள் வன்முறையில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு பத்தில் ஒன்றா, நூறில் ஒன்றா? தொலைக்காட்சியை மிக அதிகமாகப் பார்த்தவர்கள், குறைவாகப் பார்த்தவர்களைவிடப் பத்தில் ஒன்று என்ற விடையை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். உலகம் உண்மையில் இருப்பதைவிடக் கொடியது என்ற எண்ணம் அவர்களிடம் மெல்ல மெல்லப் படிந்துவிடுகிறது என்பது கெர்ப்னரின் முடிவு. ஒரு நிகழ்ச்சி ஒருவரை மாற்றிவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஒரே வகையான கதை, ஒரே வகையான முகங்கள், ஒரே வகையான முடிவு என்று ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதன் விளைவையே அவர் சுட்டிக்காட்டினார்.

ஆனால் எனக்கு அதைவிட வலுவான சான்றாகத் தோன்றுவது பிரேசில் நாட்டில் நடந்தது. 1960இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் பிறந்தார்கள். 2000இல் அது 2.3 ஆகக் குறைந்துவிட்டது. இதற்குக் கல்வி, நகரமயம் எனப் பல காரணங்கள் உண்டு என்றாலும், எலியானா லா ஃபெராரா உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு காரணத்தையும் காட்டினார்கள். அந்நாட்டின் முதன்மையான தொலைக்காட்சி நிறுவனமான குளோபோவின் ஒளிபரப்பு ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு ஆண்டுகளில்தான் சென்றடைந்தது. ஒளிபரப்பு சென்றடைந்த பகுதிகளில், மற்றப் பகுதிகளைவிட, பெண்கள் பெற்றுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. வசதி குறைந்த குடும்பங்களில் இந்த விளைவு கூடுதலாகத் தெரிந்தது. மக்கள் விரும்பிப் பார்த்த குளோபோவின் நெடுந்தொடர்களில் வந்த ஐம்பது வயதுக்கு உட்பட்ட முதன்மைப் பெண் பாத்திரங்களில் 72 விழுக்காட்டினருக்குக் குழந்தையே இல்லை, 21 விழுக்காட்டினருக்கு ஒரே ஒரு குழந்தை.

குழந்தைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தொடர்களில் யாரும் பாடம் நடத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை காதலும் பொறாமையும் சொத்துத் தகராறும் நிறைந்த கதைகள். மக்கள் அவற்றை முழுக்க முழுக்கப் பொழுதுபோக்காகவே பார்த்தார்கள். கதையின் பின்னணியாக நின்ற சிறிய குடும்பம்தான் அவர்கள் மனத்தில் தங்கியது. மறுநாள் காலையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று உங்கள் கணவர் சொல்வது கதையைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம். பின்னணியைப் பொறுத்தவரை சரியில்லை என்பது என் துணிபு.

மறுபக்கம் எழுதியது:

நண்பர் நூலடுக்கு எடுத்துக்காட்டிய பிரேசில் ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் கெர்ப்னரின் முடிவை அப்படியே ஏற்பதற்கில்லை. 1979இல் கனடாவின் டொரண்டோ நகரில் ஆந்தணி டூப், கிளென் மெக்டொனால்ட் ஆகிய இருவர் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, மக்கள் வாழும் பகுதியில் உண்மையிலேயே எவ்வளவு குற்றம் நடக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். அவ்வாறு சேர்த்ததும் தொலைக்காட்சிக்கும் அச்சத்துக்கும் இடையே தெரிந்த தொடர்பு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. குற்றம் மிகுந்த பகுதியில் வாழ்பவர்கள் வெளியே செல்ல அஞ்சி வீட்டிலேயே இருப்பார்கள், அதனால் அதிகமாகத் தொலைக்காட்சியும் பார்ப்பார்கள் என்று அதை விளங்கிக்கொள்ளலாம். உங்கள் மாமியாரிடமும் எது முதலில் வந்தது என்பதைப் பாருங்கள், அம்மா. பணி ஓய்வு, உடல் தளர்ச்சி, பகல் முழுதும் தனியாக இருப்பது ஆகியவை அச்சத்தைத் தந்து, அந்த அச்சமே அவரை அந்த நிகழ்ச்சிகளின் பக்கம் இழுத்திருக்கவும் கூடும்.

புத்தகம் படிப்பவர்கள் உயர்ந்தவர்கள், திரை பார்ப்பவர்கள் தாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் இத்தகைய உரையாடல்களில் எளிதாக நுழைந்துவிடுகிறது என்பதாலும் இதை எழுதுகிறேன். இலக்கியப் புனைகதையில் சில பக்கங்களைப் படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டவர்கள், விளைவு உண்டு, ஆனால் சிறியது என்கிறார்கள். ஒருவர் நல்ல நாடகத்தையோ ஆவணப்படத்தையோ கவனத்துடன் பார்ப்பது, இன்னொருவர் மனம் எங்கோ இருக்கப் பக்கங்களைப் புரட்டுவதைவிட மேலானது. மேலும், ஒன்றும் சிந்திக்காமல் சிரித்துவிட்டுப் படுக்கச் செல்லும் உரிமை உழைத்து வந்த எவருக்கும் உண்டு. அதில் உங்கள் கணவரின் பக்கம் நிற்கிறேன்.

இரவுவாசகர் எழுதியது:

எதைப் பார்க்கிறோம் என்பதோடு எப்போது பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014இன் இறுதியில் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பன்னிரண்டு பேரை உறங்குவதற்கு முன் சில நாள் ஒளிரும் திரையிலும் சில நாள் அச்சுப் புத்தகத்திலும் படிக்கச் செய்தார்கள். திரையில் படித்த நாட்களில் அவர்கள் உறங்குவதற்கு ஏறத்தாழ பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பும் குறைந்திருந்தது. படித்தது இரண்டிலும் ஒரே வகையான ஓய்வுநேர வாசிப்புதான். ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு இது பொருட்படுத்தத் தக்கது என்று நினைக்கிறேன்.

மாலைநேரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இவற்றைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். பிரேசில் செய்தி அவரைச் சற்றே யோசிக்க வைத்தது. டொரண்டோ செய்தி அவருக்கு மகிழ்ச்சி அளித்தது. தவறாக எண்ண வேண்டாம், நான் திரையை வெறுப்பவள் அல்லள். என் மனத்தை உறுத்துவது வேறு. எங்கள் இருவருக்குமே நல்லவற்றைப் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் உண்மையாகவே இருக்கிறது. பிறகு பார்க்கலாம் என்று குறித்து வைத்த பட்டியலில் வரலாற்று ஆவணப்படங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கை தானாகச் செல்வது வேறு எதற்கோ. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதிக்கான வட்டம் நிரம்பத் தொடங்குகிறது. கருவி கையிலேயே இருந்தும் யாரும் அதை நிறுத்துவதில்லை. இதைக் கண்டு மகளும் பழகுகிறாள். இதற்கு என்ன செய்வது?

கரும்பலகை எழுதியது:

சகோதரி, நீங்கள் இப்போது கேட்டிருப்பதுதான் முதன்மையான கேள்வி என்று நினைக்கிறேன். எது நல்லது என்று தெரியாததால் நாம் இப்படிச் செய்வதில்லை. தேர்ந்தெடுக்கும் வேளை தவறாக அமைந்துவிடுவதால் செய்கிறோம். 1999இல் டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், ஷோபனா கல்யாணராமன் ஆகியோர் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிலரிடம் படங்களின் பட்டியலைக் கொடுத்து, இன்று பார்ப்பதற்கும் பின்வரும் நாட்களில் பார்ப்பதற்கும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்றைக்கென்று கேட்டபோது இலகுவான படங்களையும், பின்வரும் நாட்களுக்கென்று கேட்டபோது கனமான படங்களையும் அவர்கள் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். நாளைய நமக்கு நாம் நல்ல நூலகராக இருக்கிறோம். இன்றைய நமக்கு அப்படி இருக்க முடிவதில்லை. உங்கள் பட்டியல் நீண்டுகொண்டே போவதற்குக் காரணம் இதுதான், அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இதோடு, தேர்ந்தெடுக்கும் வேலையையே நம் கையிலிருந்து எடுத்துக்கொள்ளும் அமைப்புகளும் சேர்ந்துவிட்டன. முடிவே இல்லாமல் இணையப் பக்கம் நீண்டுகொண்டே செல்லும் முறையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். முன்பு ஒரு பக்கம் முடிந்தால், ஒரு நிகழ்ச்சி முடிந்தால், போதுமா என்று மனம் தன்னையே கேட்டுக்கொள்ள ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை நீக்கியதுதான் இந்த அமைப்புகள் செய்த பெரிய மாற்றம். எனவே நீங்கள் பயன்படுத்தும் சேவையின் அமைப்புகள் (settings) பக்கத்துக்குச் சென்று, தானாக அடுத்தது ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் அதற்கு வழி உண்டு. பிறகு, இரவு ஒன்பது மணிக்கு எதைப் பார்ப்பது என்பதைக் காலையிலோ விடுமுறை நாளிலோ மூவரும் சேர்ந்து முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதில் நகைச்சுவைக்கும் இடம் இருக்கட்டும். நண்பர் மறுபக்கம் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். சிரிப்பதற்கென்று தேர்ந்தெடுத்து ஒன்றைப் பார்த்துவிட்டு எழுவதும், எழ முடியாமல் மூன்றாவது பகுதிக்குள் சறுக்குவதும் ஒன்றல்ல.

மகளைப் பற்றி ஆசிரியை என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஆண்டர்சன் முதலானோர் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 155 பேரிடம் பள்ளிக்கு வெளியே நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாள்தோறும் குறிக்கச் சொல்லி, 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடுத்தர நிலையில் இருந்த குழந்தை நாளொன்றுக்குப் புத்தகம் படித்தது 4.6 நிமிடம்தான். பத்தில் ஒன்பது குழந்தைகளைவிட அதிகம் படித்த குழந்தைகூட நாளொன்றுக்கு 21 நிமிடமே படித்தது. பார்க்கச் சிறிய வேறுபாடு. ஆனால் ஓராண்டில் முதல் குழந்தையின் கண்ணில் ஏறத்தாழ 2.8 லட்சம் சொற்களும், இரண்டாம் குழந்தையின் கண்ணில் 18 லட்சம் சொற்களும் பட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள். வாசிப்புத் திறன் எந்த அளவுக்கு வளர்கிறது என்பதோடு, மற்ற எல்லா ஓய்வுநேரச் செயல்களையும்விடப் புத்தக வாசிப்பே நெருக்கமாக ஒத்துவந்தது. வகுப்பில் நான் காண்பதும் இதுவே: அதிகம் படிக்கும் குழந்தைக்குப் படிப்பது எளிதாகிறது, எளிதாவதால் இன்னும் படிக்கிறது, மற்றக் குழந்தைக்கு ஒவ்வொரு பத்தியும் மலையாகிறது, அதனால் விலகிச் செல்கிறது. ஆகவே மகளுக்கு இரவில் இருபது நிமிடம் என்று ஒதுக்குங்கள், அச்சுப் புத்தகமாகவே இருக்கட்டும். என்ன படிப்பது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். படக்கதையானாலும் பேய்க்கதையானாலும் முகம் சுளிக்காதீர்கள்.

ஒரு மாதத்தில் பழக்கமாகவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி முதலானோர் செய்த ஆய்வில் ஒரு புதிய செயல் இயல்பாகிப் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாட்கள் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை.

மாமியாரைப் பற்றி ஒன்று. எது முதலில் வந்தது, அச்சமா நிகழ்ச்சியா என்பது தெரியாமலேயே நீங்கள் செயல்படலாம். பார்க்காதீர்கள் என்று சொல்வது அவர் மனத்தைப் புண்படுத்தும்; துணையாக இருக்கும் ஒன்றைப் பறிப்பதாகவும் ஆகும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மகள் இரவில் அந்த இருபது நிமிடத்தையும் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும், அடுத்த புத்தகத்தைப் பாட்டியே தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும். அதற்காக நூலகத்துக்குச் செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஊர் ஊராகப் பணியாற்றியவரிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டு, அவற்றை மகளிடம் எழுதிக்கொள்ளச் சொன்னாலும் நல்லது. கதவுக் கைப்பிடியை அவர் அசைத்துப் பார்ப்பது நிற்குமா என்பதற்கு நான் உறுதி தர முடியாது. பகலில் திரைக்கு முன் இருக்கும் நேரம் குறையும் என்று நம்புகிறேன்.