சருகு தின்னும் மண்ணுயிர்கள்: ‘மட்குண்ணி’ பொருந்துமா?

> டெட்ரிட்டிவோர் (detritivore: சருகு போன்ற இறந்த பொருளைத் தின்னும் உயிர்) என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ‘மட்குண்ணி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

‘மட்குண்ணி’ வேண்டாம் என்பேன். மட்கு என்பது சருகு சிதைந்தபின் மண்ணில் தங்கும் கரிய பொருள். மரவட்டை அதைத் தேடிப் போவதில்லை. மரத்தடியில் கிடக்கும் சருகைத்தான் கடிக்கிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் மழை விழுந்ததும் பாருங்கள். மாவிலை தடிப்பு, எளிதில் சிதையாத லிக்னின் என்ற மரப்பொருள் உள்ளது. காய்ந்த மாதங்களில் அப்படியே கிடக்கும். ஈரம் பட்டு, பூஞ்சை படர்ந்து இளகிய பிறகுதான் மரவட்டை அதில் விருப்பமாக வாய் வைக்கும்.

தின்றதில் சிறுபங்கே அதன் உடம்பில் சேர்கிறது. மிச்சம் எச்ச உருண்டைகளாக வெளியேறுகிறது. நொறுங்கிய அந்தத் துகள்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பற்றிக்கொள்ளப் பரப்பு அதிகம். லிக்னினை உடைப்பதும் தழைச்சத்தைப் பயிர் எடுக்கும் வடிவுக்குக் கொண்டுவருவதும் பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வேலை. ஒரே சருகைச் சிறுகண் வலைப்பையிலும் பெருங்கண் வலைப்பையிலும் நிரப்பி, மண்ணில் வைத்து, எடை பார்க்கும் சோதனை, நொறுக்கும் உயிர்களின் பங்கைப் பிரித்தறியத்தான். 2 மி.மீ.க்கு மேல் பருத்த உயிர்கள் நுழைய முடியாத பையில் சருகு பொதுவாக மெதுவாகவே குறையும். நொறுக்குபவை வேறு, சிதைப்பவை வேறு. பெயரும் பிரிந்தே நிற்க வேண்டும்.

என் முன்மொழிவு: சருகுண்ணி.

———

> என் முன்மொழிவு: சருகுண்ணி.

பொருள் சரி தம்பி. ஆனால் தருமபுரியில் ஆடுமாடு வைத்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். சருகிலிருந்து மாட்டின்மேல் ஏறும் உண்ணி என்றே எடுத்துக்கொள்வார். உண்ணி புல்லிலும் சருகிலும் காத்திருப்பது உண்மைதானே. ‘எறும்புத்தின்னி’ வழக்கில் இருக்கிறது. ‘சருகுத்தின்னி’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கரையானை இதில் சேர்ப்பீர்களா? புற்றுக் கட்டும் நம்மூர்க் கரையான்களில் பல, சருகையும் கட்டையையும் கொண்டு புற்றுக்குள் பூஞ்சை வளர்த்துத் தின்கின்றன. மழைக்கு முளைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சைதான்.

———

ஐயா, ‘சருகுத்தின்னி’யே இருக்கட்டும். மாட்டுண்ணி எனக்குத் தோன்றவே இல்லை.

கரையானையும் சேர்க்கலாம். சருகு முதலில் அதன் குடலைக் கடந்து, எச்சமாகத்தான் பூஞ்சைப் படுகையில் சேர்கிறது. ‘பூஞ்சை வளர்க்கும் சருகுத்தின்னி’ என்று உட்பிரிவு வைத்தால் போதும்.

மண்புழுவை மட்டும் ஒரே பெயருக்குள் அடைக்க முடியாது. மேல்மண்ணில் இருந்து சருகு தின்பவை சருகுத்தின்னி. ஆழத்தில் மண்ணையே விழுங்கி வாழ்பவற்றுக்கு ‘மண்தின்னி’ என்று தனிப்பதிவு போடலாமா?