மூன்றாவது லாப்பில் மெக் படுத்துவிடுகிறது, யாராவது உதவுங்கள் (அவசரம்)

கல்லடி_ரேசர் | புதன் இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். மெக் (ஆள் உள்ளே ஏறி ஓட்டுகிற ரோபோ) ரேஸ் கேம் ஒன்று விளையாடுகிறேன், முதல் இருபது நிமிடம் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது, அதற்குப் பிறகு திடீரென்று படம் படமாக வெட்டி வெட்டி வருகிறது, வளைவில் திருப்பினால் அரை நொடி கழித்துத்தான் திரும்புகிறது, அதற்குள் சுவரில் மோதி முடிந்துவிடும். கிராபிக்ஸ் செட்டிங் எல்லாவற்றையும் லோவில் போட்டுவிட்டேன். இரண்டு தடவை அழித்து மறுபடி ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை மச்சான்மார் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்கள், போட்டி வைத்திருக்கிறோம். அதற்குள் சரி பண்ண வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏறாவூர்_21 | 9.50

எந்த கேம்? லப்டொப்பா டெஸ்க்டொப்பா? ரேம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்ட் என்ன? இது ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சாத்திரமா பார்ப்பது மச்சான்.

வாவிக்கரை | 9.58

கேம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, இது சூடு. இப்போது கச்சான் காற்று அடிக்கிற நேரம், பின்னேரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் கை வைக்க முடியவில்லை. தகரமோ சீற்றோ போட்ட அறையில் வைத்து விளையாடினால் எந்த மெஷினும் இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும். பின்மூடியைக் கழற்றி, விசிறியில் ஒட்டியிருக்கிற தூசியைப் பிரஷால் எடுத்துவிட்டு, தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை வெளியே கடத்துகிற பசை) மாற்றுங்கள். போன வருடம் எனக்கும் இதே கதைதான், பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, மாற்றினதும் 95 பாகையில் நின்றது 78க்கு வந்தது. கட்டிலில் வைத்து விளையாடுகிற ஆளா நீங்கள்? மெத்தை காற்றோட்டத்தை அடைத்துவிடும்.

கல்லடி_ரேசர் | 10.15

ரெட்அவுட் 2. லப்டொப். கேமிங் லப்டொப்தான், ரேம் 16 ஜிபி. மேசையில் வைத்துத்தான் விளையாடுகிறேன், பக்கத்தில் மேசை விசிறியும் ஓடுகிறது.

பழையவன்_95 | 10.31

தம்பி, முதலில் விளையாடுகிற கேம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ரெட்அவுட்டில் மெக் கிடையாது. அது நிலத்தைத் தொடாமல் மிதந்து ஓடுகிற கப்பல். மெக் என்றால் கை கால் இருக்கும், உள்ளே ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். 1995இல் வைப்அவுட் வந்த நாளில் இருந்து இந்த வகையை விளையாடி வருகிறேன், பிள்ளைகள் எல்லாவற்றையும் மெக் என்று சொல்வதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்தது, நீங்கள் சொல்கிற “அரை நொடி கழித்துத் திரும்புகிறது” என்பது மெஷின் பிரச்சினையாக இருக்காது. ரெட்அவுட்டில் இடது ஸ்டிக் மட்டும் போதாது. வலது ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் கப்பல் நகரும், மேலும் கீழும் தள்ளினால் மூக்கு ஏறி இறங்கும். ஏற்றத்தில் மூக்கைத் தூக்காவிட்டால் அடிவயிறு தேய்ந்து வேகம் போகும். புதிதாக வருகிற எல்லாரும் இதைத்தான் லேக் என்று நினைக்கிறார்கள்.

தேன்சிட்டு | 10.44

அண்ணன், அவர் முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது என்றுதான் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். ஓட்டத் தெரியாத ஆளாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே சுவரில் மோதுவார்.

தம்பி, வெட்டி வருகிற நேரத்தில் திரை சிவக்கிறதா, மங்குகிறதா? இந்த கேமின் பெயரே அதுதான். விமானம் மூக்கைக் கீழே குத்தி வளையும்போது இரத்தம் தலைக்கு ஏறி ஓட்டுநருக்குக் கண் சிவந்து தெரிவதைத்தான் ரெட்அவுட் என்பார்கள். முதல் ரெட்அவுட்டில் (2016) பெரிய வளையங்களில் அப்படித் திரை நிறம் மாறும். அது பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது. ஆனால் நீங்கள் சொல்வது அது மாதிரியும் தெரியவில்லை.

ஏறாவூர்_21 | 10.52

கிராபிக்ஸ் கார்ட் என்னவென்று இன்னும் சொல்லவில்லை மச்சான். ஸ்டீமில் வாங்கினதா, யாரும் பென்டிரைவில் தந்ததா? தப்பாக நினைக்காதீர்கள், பென்டிரைவ் கொப்பியில் பின்னால் கிரிப்டோ காசு தோண்டுகிற புரோகிராம் ஓடிக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது மேலே நிற்கிறது என்று பாருங்கள்.

கல்லடி_ரேசர் | 11.03

ஸ்டீமில் தள்ளுபடிக்கு வாங்கினது. திரை சிவக்கவில்லை. கார்ட் 4 ஜிபி. நாளை வேலை, படுக்கிறேன்.

அக்கரைப்பற்று_ரிப்பேர் | வியாழன் காலை 7.20

தம்பி, கழற்றுகிற வேலைக்குப் போக முன்னம் மூன்று விடயம் பார்த்துச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் பதினொரு வருடம் இருக்கிறேன், இருபது நிமிடம் ஓடிப் படுக்கிற லப்டொப் என்றால் எனக்கு முதல் சந்தேகம் சூட்டில் வருவதில்லை.

ஒன்று, கேம் தொடங்கும்போது பேட்டரி எத்தனை சதவீதம், படுக்கிற நேரத்தில் எத்தனை சதவீதம்? சார்ஜர் குத்தியபடிதான் பார்க்க வேண்டும். இரண்டாவது, படுத்த உடனே கேமை மூடாமல் டாஸ்க் மேனேஜரில் பெர்போமன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியு வேகம் எத்தனை கிகாஹேர்ட்ஸ் என்று பாருங்கள். 3க்கு மேலே நிற்க வேண்டியது 0.79 என்று காட்டினால் மெஷின் தானே தன் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, இதுதான் முக்கியம்: சார்ஜர் மெஷினோடு வந்ததா, பிறகு வாங்கினதா? அதன் அடியில் சின்ன எழுத்தில் வோல்ட், அம்பியர் போட்டிருக்கும். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வாவிக்கரை | 7.48

காக்கா, சார்ஜர் பழுது என்றால் சார்ஜே ஏறாதே? அவருக்கு மெஷின் நின்றுபோகவில்லையே, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. சூடு என்றால்தான் இருபது நிமிடம் எடுக்கும். பேஸ்ட் மாற்றுங்கள், 1,500 ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

அக்கரைப்பற்று_ரிப்பேர் | 8.05

பழுது என்று நான் சொல்லவில்லை. நல்ல சார்ஜர்தான், ஆனால் வலு காணாது. கேமிங் லப்டொப்புக்கு 120, 130 வாட்டுக்கு மேலே தேவைப்படும். 65 வாட் குத்தினால் பாட்டுக் கேட்க, படம் பார்க்க, டைப் பண்ண எல்லாம் ஒரு குறையும் தெரியாது, சார்ஜும் ஏறும். கேம் தொடங்கினதும் குறைகிற மின்சாரத்தை மெஷின் பேட்டரியில் இருந்து உறிஞ்சும். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே வந்ததும், இனித் தாங்காது என்று வேகத்தைப் பிடித்துவிடும். அந்த இருபது நிமிடம் பேட்டரி வடிகிற நேரம். சூடாகவும் இருக்கலாம், இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் சார்ஜரைப் பார்க்கட்டும். பார்க்கக் காசு தேவையில்லை, ஒரு திருகாணியும் கழற்ற வேண்டியதில்லை.

சம்மாந்துறை_வயல்காரன் | 12.40

கேமைப் பற்றி ஒன்று. பழையவன் அண்ணன் சொன்ன மூக்குத் தூக்குகிற வேலை ரெட்அவுட்டுக்குச் சரி, ஆனால் எனக்கு வைப்அவுட்டின் ஏர்பிரேக்தான் கைக்கு வந்தது. இடது பிரேக்கை அழுத்தினால் அந்தப் பக்கம் காற்று பிடித்து மூக்கு இடதுபக்கம் இழுபடும், வலதுக்கும் அதே மாதிரி. லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெஷின்) ஓட்டினவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இடது கைப்பிடிக்குக் கீழே இருக்கிற கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு விசை போகாது, வலது சக்கரம் தள்ளிக்கொண்டு வர வண்டி இடதுபக்கம் திரும்பும். ஆனால் வாய்க்கால் கட்டில் இருந்து வயலுக்குள் இறங்கும்போது அதே கிளட்சைப் பிடித்தால் வண்டி வலதுபக்கம் போகும், ஏனென்றால் இறக்கத்தில் விசை விட்ட இடது சக்கரம் சும்மா உருண்டு ஓட, எஞ்சினோடு பூட்டியிருக்கிற மற்றச் சக்கரத்தை எஞ்சின் இழுத்து வைக்கும். பதினாறு வயதில் வாப்பாவோடு போய் அதில் ஒரு தடவை வரம்பில் ஏறிக் கவிழ்ந்தேன். அந்த நாளில் இருந்து எந்த கேமிலும் இறக்கத்தில் ஏர்பிரேக்கைத் தொடுவதற்கு முன்னம் விரல் தானாக ஒரு கணம் நிற்கும்.

பழையவன்_95 | 1.15

நல்ல உதாரணம் தம்பி. லிவர்பூலில் வைப்அவுட்டைச் செய்தவர்களின் ஸ்டூடியோவை 2012இல் மூடிவிட்டார்கள், அதற்குப் பிறகு அந்தக் கைப்பதம் யாருக்கும் வரவில்லை. 2017இல் பிஎஸ்4க்கு வந்த வைப்அவுட் ஒமேகா கூட பழையதைத் துடைத்துத் தந்ததுதான்.

தேன்சிட்டு | 1.40

யாருக்கும் வரவில்லை என்று சொல்லாதீர்கள் அண்ணன். பலிஸ்டிக் என்ஜி (2018) பாருங்கள், முதல் வைப்அவுட்டுகளின் கைப்பதம் அப்படியே இருக்கும், என் தங்கையின் பழைய ஒபிஸ் லப்டொப்பிலும் ஓடுகிறது. கல்லடித் தம்பி, சனிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் இதைப் போட்டுப் போட்டியை நடத்தலாம்.

இன்னொன்று. இந்த மாதிரி கேமில் படம் அழகாக இருப்பதைவிட ஒரே சீராக ஓடுவதுதான் பெரிது. வேக மீட்டர் மணிக்கு 1000 கிலோமீற்றர் காட்டும்போது நொடிக்கு 278 மீற்றர் போகிறீர்கள். 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படம்) வந்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் நாலரை மீற்றர் சொச்சம். 20க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 14 மீற்றர், வளைவு தொடங்குகிற இடமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 1998இல் எஃப்-ஸீரோ எக்ஸ் செய்தவர்கள் 30 வண்டியை ஒரே பாதையில் விட்டு 60 எஃப்பிஎஸ் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சுற்றுப்புறத்தை எல்லாம் மொட்டையாக்கினார்கள். நிண்டெண்டோ 64இல்! பார்க்க அழகில்லை, ஓட்டும்போது அது ஒன்றும் நினைவில் இருக்காது. எனக்கு இன்றைக்கும் அதுதான் நம்பர் ஒன்.

ஏறாவூர்_21 | 2.10

மெக் கதைக்கு வருகிறேன், நேற்றில் இருந்து மனதில் கிடக்கிறது. கால் இருந்தால்தான் மெக் என்றால் ஆர்மர்ட் கோர் 6 என்கிற மெக் சண்டை கேமை (2023) எங்கே வைப்பது? அதில் இரண்டு கால், நாலு கால், பின்பக்கம் மடிகிற கால், டாங்கிச் சங்கிலி என்று எது வேண்டுமானாலும் பூட்டலாம். டாங்கி பூட்டினால் கால் எங்கே இருக்கிறது? அசோல்ட் பூஸ்டை அமுக்கினால் எல்லாமே நிலத்தைத் தொடாமல்தான் பறக்கிறது. நானும் என் கூட்டாளியும் முடித்த மிஷனுக்குத் திரும்பப் போய், இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு யார் முதலில் என்று கைபேசியில் நேரம் பிடித்து ஓடுகிறோம். எங்களுக்கு அதுதான் மெக் ரேஸ்.

பழையவன்_95 | 2.35

அது நீங்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு. மெக் என்பது பாரம். அடியெடுத்து வைத்தால் திரை அதிர வேண்டும், நிறுத்த நினைத்தால் நாலடி சறுக்க வேண்டும். பாரத்தை வைத்து ஒழுங்கான ரேஸ் செய்வது கஷ்டம், அதனால்தான் எல்லாரும் காலை வெட்டிவிட்டுக் கப்பலாக்கினார்கள். நல்ல மெக் ரேஸ் ஒன்று வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன், இதை மனதாரச் சொல்கிறேன்.

சம்மாந்துறை_வயல்காரன் | 3.02

பாரத்தோடு ஓடுவதில்தானே அண்ணன் ருசி. வெறும் லேண்ட்மாஸ்டரை யாரும் ஓட்டலாம், பின்பெட்டியில் இருபது நெல் மூடை ஏற்றிக்கொண்டு வளைவில் திருப்பினால் தெரியும் யார் ஓட்டக்காரன் என்று.

ஏறாவூர்_21 | 3.09

ஆளைக் காணவில்லையே. கல்லடி, சார்ஜரைப் பார்த்தீர்களா?

கல்லடி_ரேசர் | இரவு 8.55

வேலைக்குப் போய் இப்போதுதான் வந்தேன். காக்கா சொன்னபடி பார்த்தேன். தொடங்கும்போது பேட்டரி 100, சார்ஜர் குத்தியபடிதான். மூன்றாவது லாப்பில் வெட்டத் தொடங்கும்போது 31. சிபியு 0.79 என்று நிற்கிறது. சார்ஜரின் அடியில் 19.5 வோல்ட், 3.34 அம்பியர். போன மாதம் இடி விழுந்த அன்று பழைய சார்ஜர் போய்விட்டது, டவுனில் ஒரு கடையில் வாய் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துத் தந்தார்கள். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கரைப்பற்று_ரிப்பேர் | 9.06

வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்குங்கள், 65 வாட். அதுதான். லப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்கள், அங்கே 6.67 அம்பியர் என்று இருந்தால் 130 வாட் வேண்டும். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், அம்பியர் கூட இருந்தால் பயமில்லை, தேவையானதைத்தான் மெஷின் எடுக்கும். குறைய இருக்கக் கூடாது. வாயின் நடுவில் ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கும், அது வளைந்திருந்தால் சரியான சார்ஜரையும் மெஷின் அடையாளம் காணாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும்வரை கேம் செட்டிங்கில் எஃப்பிஎஸ்ஸை 30இல் கட்டி வையுங்கள், வடிகிற வேகம் குறையும். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள் தம்பி, சுவிட்சை அணைத்தால் போதாது.

வாவிக்கரை | 9.20

சரி காக்கா, நீங்கள் சொன்னதுதான். ஆனாலும் தூசியைத் தட்டட்டும், கச்சான் முடிய இன்னும் எத்தனை கிழமை கிடக்கிறது.

கல்லடி_ரேசர் | சனி பிற்பகல் 4.30

சீட்டில் 6.67தான். ஆரையம்பதி மச்சானிடம் 130 வாட் இருந்தது, கொண்டுவந்தார். ஒன்றரை மணி நேரமாக ஓடுகிறோம், பேட்டரி 100இலேயே நிற்கிறது. காக்காவுக்குப் பெரிய நன்றி. சின்ன மச்சான் வலது ஸ்டிக்கைத் தொடாமலே எல்லாரையும் வெல்கிறான். என் முறை வருகிறது, போகிறேன்.

பழையவன்_95 | 4.41

தொடாமல் எந்தப் பாதையில் வென்றான்? நேரம் எவ்வளவு?