கீமோவில் இருக்கும் அம்மா, இரவெல்லாம் போன்: நேரில் கூடிப் பேசும் குழு தெரியுமா?

அம்மாவுக்கு 54 வயது, பெரம்பூரில் இருக்கிறோம். மார்ச்சில் இடது மார்பகத்தில் புற்றுநோய், இரண்டாம் நிலை. 21 நாளுக்கு ஒருமுறை என நான்கு கீமோ முடிந்து, இப்போது வாரம் ஒருமுறை பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து. 12-இல் 5 ஆகிவிட்டது. கட்டி சுருங்கியிருக்கிறது. அம்மாவுக்குத்தான் தூக்கமே இல்லை.

இரவு ஒரு மணிக்கும் ரீல்ஸ். முள்சீத்தா இலைக் கஷாயம் போதும் என்கிறது ஒன்று, கீமோவே விஷம் என்கிறது அடுத்தது. போன மாதம் கஷாயம் வைத்துக் குடித்தே விட்டார். டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார்.

அந்தப் பக்கங்களை பிளாக் செய்தேன். இரண்டே நாளில் வேறு பெயரில் வந்தன. அப்புறம் பத்து மணிக்கு போனை வாங்கி வைத்தேன், அழுதுவிட்டார். அது என் தப்பு. கூடவே கீமோ எடுக்கும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவும் அதில்தான் இருக்கிறது. முடி கொட்டியபோது எங்களுக்குச் சொல்லத் தெரியாத ஆறுதலை அவர்கள்தான் சொன்னார்கள். ஆனால் மூன்று வாரம் முன்பு அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையே அம்மா திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

கீமோ அன்று போடும் ஸ்டீராய்டாலும் தூக்கம் கெடலாம் என்றார் டாக்டர். ஆனால் மற்ற நாட்களிலும் இப்படித்தான். மருத்துவமனை கவுன்சிலரிடம் பத்து நிமிடம்தான் கிடைத்தது.

சென்னையில், முடிந்தால் வடசென்னைப் பக்கம், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் நேரில் கூடித் தமிழில் பேசும் குழு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?