சென்னையிலேயே இறங்கிவிடலாமா?

குழு: நம்ம குடும்பம்

செல்வி (மெல்பர்ன்), மாலை 6.12
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் என்று முடிவாகிவிட்டதால் ஒரு யோசனை. எங்கள் டிக்கெட் மெல்பர்ன்–சிங்கப்பூர், அங்கே சித்தி வீட்டில் 2 நாள், பிறகு சிங்கப்பூர்–சென்னை, சென்னை–மதுரை. மதுரைக்குப் போய்விட்டு மறுபடி வடக்கே வருவானேன்? சென்னையில் இறங்கி காரிலேயே திருக்கடையூர் போய்விடுகிறோம். விழா முடிந்ததும் மதுரை வீடு. திரும்பும்போது டிக்கெட்டில் இருக்கிறபடி மதுரையில் ஏறிக்கொள்கிறோம்.

அப்பா, 6.15
நல்ல யோசனைதான் அம்மா. பிள்ளைகளுக்கும் அலைச்சல் மிச்சம்.

பெரிய மாமா, 6.21
செல்வி, தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதே. சென்னை–மதுரை செக்டரை, அதாவது அந்த ஒரு விமானப் பயணத்தை, விட்டால் நாலு பேருக்கும் திரும்பி வரும் டிக்கெட் மொத்தமும் ரத்தாகிவிடும்.

செல்வி, 6.23
மாமா, போவதும் வருவதும் தனித்தனி டிக்கெட் என்றுதான் நினைத்தேன். ஆளுக்கு இரண்டு டிக்கெட் எண் வந்திருக்கிறதே?

பெரிய மாமா, 6.31
அந்த இரண்டு எண்ணும் அடுத்தடுத்த எண்களா பார். ஒரு டிக்கெட் எண்ணுக்குள் நாலு கூப்பன்தான் அடங்கும், ஒரு செக்டருக்கு ஒரு கூப்பன். உனக்குப் போக 3, வர 3, ஆக 6 செக்டர். அதனால் இரண்டாவது எண் போட்டிருக்கிறார்கள். மதுரையிலிருந்து கிளம்பும் செக்டரே முதல் எண்ணில்தான் நாலாவது கூப்பனாக இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே டிக்கெட், ஒரே கட்டணம்.
கூப்பன்களை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் கணினியில் 'நோ-ஷோ', அதாவது ஆள் வரவில்லை என்று விழும். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் போய்விடும். 26 வருஷம் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

அத்தை, 6.40
மாமா சொல்வதைக் கேள் கண்ணு. நான் பட்டிருக்கிறேன். டொரண்டோ திரும்ப சென்னை–மும்பை–லண்டன்–டொரண்டோ என்று டிக்கெட். மும்பை வரைக்கும் வேறு விமானக் கம்பெனி. நானோ அப்போது புனேயில் பெரியவன் வீட்டில் இருந்தேன். மும்பை பக்கத்தில்தானே, சென்னைக்குப் போய் ஏறுவானேன் என்று காரில் நேரே மும்பை போய்விட்டேன். கவுன்டரில் அந்தப் பெண் பாஸ்போர்ட்டை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். "மேடம், நீங்கள் சென்னையில் ஏறவில்லை, உங்கள் பெயர் இதில் இல்லை" என்றாள். டிரங்கில் நெய், முறுக்கு, பேத்திக்குத் தைத்த பாவாடை. அதன் மேலேயே உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு விற்ற விலையில் புது டிக்கெட் வாங்கித்தான் ஏறினேன்.

செல்வி, 6.44
ஐயோ அத்தை, இது எனக்குத் தெரியாதே. மாமா, சென்னையில் எப்படியும் பெட்டியை எடுத்து கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வந்துதானே உள்நாட்டு விமானத்துக்குப் போடுகிறோம்? அதனால்தான் இறங்கிப் போவது சுலபம் என்று நினைத்தேன்.

பெரிய மாமா, 6.52
இறங்குவது சுலபம்தான் அம்மா. யாரும் கையைப் பிடித்து நிறுத்த மாட்டார்கள், அதுதான் பயமே. மூன்று வாரம் கழித்து மதுரை கவுன்டரில்தான் தெரியவரும்.
செய்ய வேண்டியது இது. கிளம்புவதற்கு முன்பே ஏஜென்டிடம் சொல்லி சென்னை–மதுரையை எடுத்துவிட்டு டிக்கெட்டை ரீஇஷ்யூ செய்யச் சொல், அதாவது புதிதாக எழுதித் தரச் சொல். அந்த இடத்தில் ஏ.ஆர்.என்.கே. என்று போடுவார்கள். தரைவழியாகப் போகிறோம் என்று அர்த்தம். வரிசை அறுபடாது. ஒரு செக்டர் குறைகிறதே என்று கட்டணம் குறையாது, சில சமயம் கூடத்தான் செய்யும். கூடினாலும் கொடுத்துவிடு.
டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் என்ன?

செல்வி, 6.55
618.

பெரிய மாமா, 6.57
சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். அவர்கள் பெயரில் எழுதிய டிக்கெட். மதுரை விமானத்தை ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பயனில்லை, அவர்கள் இதைத் தொட முடியாது.

கார்த்தி (பெங்களூர்), 7.10
மாமா, ஒரு சந்தேகம். கடைசி செக்டரை மட்டும் விட்டால்? தூரத்து ஊருக்கு டிக்கெட் மலிவு என்று அதை எடுத்துவிட்டு நடுவிலேயே இறங்கிவிடுகிறார்களே.

பெரிய மாமா, 7.19
அதற்குப் பின்னால் கூப்பன் இல்லாததால் ரத்தாக ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும், கைப்பையோடுதான் இறங்கலாம். விமானம் தாமதமானால் உன்னை வேறு ஊர் வழியாகவும் அனுப்பிவிடலாம். நீ இறங்க நினைத்த ஊர் பயணத்திலேயே இருக்காது. கம்பெனிகளின் நிபந்தனையும் இதற்கு எதிர்தான். லுஃப்தான்ஸா, பிராங்பர்ட்டோடு நின்று ஆஸ்லோவுக்குப் போகாத ஒரு பயணி மேல் 2,112 யூரோ கேட்டு பெர்லினில் வழக்கே போட்டது. 2018 டிசம்பரில் கீழ்க்கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. ஜெயிப்பது வேறு, கோர்ட்டுக்கு அலைவது வேறு. நீ இதில் இறங்காதே தம்பி.

கார்த்தி, 7.20
சரி மாமா.

— மறுநாள் —

செல்வி, காலை 11.05
மாமா, ஏஜென்டிடம் பேசிவிட்டேன். நாலு பேருக்கும் சேர்த்து 312 டாலர் கூட. புது டிக்கெட் வந்துவிட்டது. சென்னை–மதுரை செக்டர் அதில் இல்லை, நீங்கள் சொன்ன ஏ.ஆர்.என்.கே. இருக்கிறது.

பெரிய மாமா, 11.09
நல்லது. இன்னும் ஒரு வேலை. டிக்கெட் எண் மாறியிருக்கும். மதுரை–சென்னை விமானம் வேறு கம்பெனி என்பதால் அவர்களுக்குத் தனி பி.என்.ஆர்., அதாவது முன்பதிவு எண், இருக்கும். ஏஜென்டிடம் அதை வாங்கி அவர்கள் தளத்தில் போட்டுப் பார். பதிவு இருந்தால் மட்டும் போதாது, புது எண்ணும் அதில் ஏறியிருக்க வேண்டும்.

செல்வி, 11.31
பார்த்துவிட்டேன். பதிவு இருக்கிறது, ஆனால் சின்னவள் பெயருக்கு நேரே பழைய எண்தான் நிற்கிறது.

பெரிய மாமா, 11.32
இப்போதே ஏஜென்டைக் கூப்பிடு. நாளைக்கு என்று வைக்காதே.

செல்வி, மதியம் 12.18
சரியாகிவிட்டது மாமா. நாலு பேருக்கும் புது எண். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.

அப்பா, 12.20
அப்பாடா. டிரைவரிடம் சென்னைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்?

செல்வி, 12.22
விமானம் காலை 9.40க்கு இறங்குகிறது அப்பா. பெட்டி எடுத்து வர நேரமாகும், 11 மணி என்று சொல்லுங்கள். பெரிய வண்டியாக இருக்கட்டும், பெட்டி 6 இருக்கிறது.